வெயிட் தூக்கிய மறுநாள்: எந்த வலியைப் பொறுக்கலாம், எதற்கு டாக்டரிடம் போக வேண்டும்

ஜிம்மில் புதிதாகச் சேர்ந்தவர்களும், சில மாதம் விட்டுவிட்டுத் திரும்பி வந்து பழைய வெயிட்டையே தொட்டுப் பார்த்தவர்களும் இரண்டாம் நாள் காலையில் அனுப்பும் செய்தி கிட்டத்தட்ட ஒன்றுதான்: "அண்ணா, படி இறங்க முடியல. உள்ள ஏதாவது கிழிஞ்சிடுச்சா?"

பெரும்பாலும் எதுவும் கிழிந்திருக்காது. ஆனால் அப்படி வரும் செய்திகளில் எப்போதாவது ஒன்று, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்ல வேண்டியதாக இருக்கும். வலியின் அளவை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. வெறும் சதைவலியிலேயே ஆள் முனகுவார். அறுந்த தசைநாண் (சதையை எலும்போடு கட்டும் கயிறு) சிலருக்கு ஒரு மணி நேரத்தில் வலிப்பதையே நிறுத்திவிடும். அதனால் நான் முதலில் கேட்பது மூன்றுதான். எப்போது ஆரம்பித்தது, தூக்கும்போதா, மறுநாளா? எங்கே, சதை முழுக்கவா, விரல் வைத்துக் காட்டும்படி ஓரிடத்திலா? நேற்றைவிட இன்று குறைகிறதா, ஏறுகிறதா? இந்த மூன்றுக்கும் பதிலை வைத்துக்கொண்டு உங்கள் அறிகுறிக்கான பகுதிக்குப் போங்கள்.

முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

- சிறுநீர் பழுப்பாக, பால் சேர்க்காத தேநீர் நிறத்திலோ கோலா நிறத்திலோ போகிறது.
- கையோ தொடையோ கெண்டைக்காலோ கல்லாக இறுகி வீங்கியிருக்கிறது, மரத்துப்போகிறது, மாத்திரைக்கும் வலி அடங்கவில்லை.
- நெஞ்சை அழுத்துகிறது, மூச்சு வாங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, வலி தாடைக்கோ கைக்கோ ஓடுகிறது.
- முதுகுவலியோடு சிறுநீர் வர மறுக்கிறது அல்லது அடக்க முடியவில்லை, உட்காரும் இடம் மரத்திருக்கிறது.
- தூக்கிக்கொண்டிருக்கும்போதே இதுவரை வராத அளவுக்குத் தலைவலி சட்டென்று வெடித்தது.

அறிகுறி 1: மறுநாள் ஆரம்பித்தது, இரண்டாம் நாள் இன்னும் மோசம், இரண்டு பக்கமும் வலிக்கிறது

இதுதான் வழக்கமான சதைவலி. பயிற்சி முடிந்து 12 முதல் 24 மணி நேரத்தில் தலைகாட்டும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். ஐந்து முதல் ஏழு நாளுக்குள் தானாகவே அடங்கும். சும்மா உட்கார்ந்திருந்தால் பெரிதாகத் தெரியாது. எழுந்தால், அழுத்தினால், நீட்டினால்தான் தெரியும்.

காரணங்களை எளிதிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள்:

- புது உடற்பயிற்சி. வெயிட் குறைவாக இருந்தாலும் உடம்புக்குப் பழக்கமில்லாத அசைவு வலிக்கும்.
- எடையை மெதுவாக இறக்கியது. சதை நீண்டுகொண்டே எடையைத் தாங்கும்போதுதான் அதிகம் அடிபடுகிறது. நெகட்டிவ் ரெப் (எடையை இறக்குவதை மட்டும் மெதுவாகச் செய்வது), லஞ்சஸ் (ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கி இறங்குவது), ரொமேனியன் டெட்லிஃப்ட் (இடுப்பை மடக்கிக் குனிந்து எடையை இறக்கி ஏற்றுவது) மூன்றும் இதற்குப் பேர்போனவை.
- இடைவெளிக்குப் பிறகு பழைய எடை. இடைவெளி விட்டால் பலத்தைவிடச் சதையின் தாங்கும் பழக்கம் சீக்கிரம் போய்விடுவதுபோல் இருக்கும். அதனால் தூக்க முடிகிறது, மறுநாள்தான் தெரிகிறது.
- ஒரே நாளில் ஒரே சதைக்கு அளவுக்கு மீறிய செட்கள்.

சோதனை: சதையின் நடுப்பகுதியை உள்ளங்கையால் அழுத்துங்கள். வலி பரவலாக இருக்கிறதா? இடது, வலது இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரியா? பத்து நிமிடம் மெதுவாக நடந்தபின் இளகுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் கவலை வேண்டாம்.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. நடங்கள், சைக்கிளை லேசாக மிதியுங்கள், வலிக்கும் சதையை வெயிட் இல்லாமல் முழு தூரம் அசையுங்கள். அசைக்கும் நேரம் மட்டுமாவது வலி குறையும், அதுவே போதும். வெந்நீர்க் குளியல் இதம் தரும். ஃபோம் ரோலரும் (சதைமேல் உருட்டும் உருளை) இதமான மசாஜும் கொஞ்சம் உதவும். அழுத்தி நசுக்கச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே அடிபட்ட சதை அது. தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு சுமார் 1.6 கிராம் புரதம், வெயிட் தூக்குபவர்களுக்குப் போதுமான அளவு. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் இந்தக் கணக்கை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரெச்சிங் செய்தால் வலி போகும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆய்வுகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்ததில், முன்னால் செய்தாலும் பின்னால் செய்தாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். பிடித்தால் செய்யுங்கள், நம்பி இருக்காதீர்கள். லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது என்பதும் வேண்டாம். அது பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து போய்விடும். மறுநாள் வரும் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

10 முதல் 15 டிகிரி செல்சியஸ் குளிர்ந்த நீரில் 10 முதல் 15 நிமிடம் உட்கார்ந்தால் வலி ஓரளவு குறையும். ஆனால் ஒவ்வொரு வெயிட் பயிற்சிக்குப் பிறகும் இதைச் செய்தால் சதை வளர்வது மட்டுப்படும். இதய நோய் உள்ளவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

வலி மாத்திரை தேவைப்பட்டால் பாராசிட்டமால், அட்டையில் போட்டிருக்கும் அளவுக்குள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளை நீர்ச்சத்து குறைந்த உடம்பில், அதுவும் கடும் பயிற்சிக்குப் பின், போட்டுக்கொள்ளாதீர்கள். அவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக் கூடியவை. ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பது மூன்றாம் அறிகுறியில் புரியும்.

டாக்டரிடம் எப்போது: ஏழு நாள் கழித்தும் குறையவில்லை என்றாலோ, மூன்றாம் நாளுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனாலோ.

அறிகுறி 2: கையை நிமிர்த்த முடியவில்லை, முழங்கை மடங்கியே நிற்கிறது

பைசெப்ஸுக்கு அளவுக்கு மீறிப் போட்டாலோ, புல்-அப்பில் மெதுவாக இறங்கும் ரெப்களை எண்ணாமல் செய்தாலோ இது வரும். பல் தேய்க்கக் கை வாய்க்கு எட்டாது. சட்டையைத் தலைவழியாகப் போட முடியாது. பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் முதல் அறிகுறியின் முரட்டு வடிவம்தான். ஒரு வித்தியாசம்: வலி குறைய ஆரம்பித்த பிறகும் வீக்கம் நாலைந்து நாள் வரை ஏறலாம், முன்கைப் பக்கம் இறங்கவும் செய்யலாம்.

இங்கேதான் கொஞ்சம் நின்று சோதிக்க வேண்டும். ஒரு அளவு நாடாவை எடுத்து, முழங்கை மடிப்பிலிருந்து நான்கு விரல் மேலே பேனாவால் கோடு போட்டு, அந்த இடத்தில் சுற்றளவை எழுதிவையுங்கள். மற்ற கையையும் அளந்துகொள்ளுங்கள். காலையும் மாலையும் அதே கோட்டில் அளந்தால் வீக்கம் எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணளவை நம்பாமல் தெரியும். அடுத்து விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். மரத்துப்போயிருக்கிறதா, நிறம் வெளிறியிருக்கிறதா? இன்னொருவர் உங்கள் விரல்களை மெதுவாக நிமிர்த்தினால் முன்கையில் உயிர் போகும்படி வலிக்கிறதா?

அங்கிருந்து வழி பிரிகிறது:

- வீக்கம் நிலையாக இருக்கிறது, விரல்கள் சரி, சிறுநீர் வெளிர் மஞ்சள்: காத்திருங்கள். கையைத் தொங்கவிட்டு நடங்கள், வலி அனுமதிக்கும் தூரம் மட்டும் நிமிர்த்துங்கள். டம்பெல்லைப் பிடித்துத் தொங்கவிட்டு இழுத்து நிமிர்த்தும் வைத்தியம் வேண்டாம்.
- சுற்றளவு வேகமாக ஏறுகிறது, கை வலுவிழந்து டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை: சிறுநீர் நிறம் மாறாவிட்டாலும் அன்றே டாக்டர், மூன்றாம் அறிகுறியில் சொல்லும் ரத்தப் பரிசோதனையோடு.
- ஒரே ஒரு கை, தோளிலிருந்தே கனத்து வீங்கி நீலம் பாய்ந்திருக்கிறது: தோள்பட்டைக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். வெயிட் தூக்கும் இளைஞர்களுக்கும் இது வருகிறது. அன்றே ஆஸ்பத்திரி.
- இறுக்கமும் மரப்பும் விரல் நிமிர்த்தும் வலியும் சேர்ந்து இருக்கின்றன: சதையைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். மணிக்கணக்கில் தாமதித்தால் சதையும் நரம்பும் செத்துவிடும். உடனே கிளம்புங்கள்.

அறிகுறி 3: சிறுநீர் நிறம் மாறிவிட்டது

இந்த ஒரு அறிகுறிக்காகத்தான் முழுக் கட்டுரையையும் எழுதலாம் என்று நினைத்தேன். ஜிம்மில் புரதம் பற்றிப் பேசுகிற அளவில் பத்தில் ஒரு பங்குகூட யாரும் இதைப் பேசுவதில்லை.

எளிய காரணங்கள் முதலில். தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் அடர் மஞ்சளாகும். இரண்டு மூன்று டம்ளர் குடித்துச் சில மணி நேரத்தில் வெளுத்துவிடும். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டிருந்தால் பளிச்சென்ற மஞ்சள். பீட்ரூட் சாப்பிட்டிருந்தால் இளஞ்சிவப்பு. இவற்றோடு சதை வீக்கமோ கடும் பலவீனமோ இல்லையென்றால் விட்டுவிடலாம்.

பழுப்போ கருஞ்சிவப்போ என்றால் கதை வேறு. அளவுக்கு மீறி அடிபட்ட சதை உடைந்து, அதற்குள் இருக்கும் மையோகுளோபின் என்ற பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரில் வெளியேறுகிறது. மருத்துவப் பெயர் ராப்டோமயோலிசிஸ். அது சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். உடைந்த சதையிலிருந்து வெளிவரும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே குழப்பிவிடும். பயிற்சி முடிந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் பெரும்பாலும் வெளிப்படும். எல்லோருக்கும் நிறம் மாறும் என்றும் இல்லை. தாங்க முடியாத வலி, வீக்கம், பலவீனம் இவை மட்டுமே இருக்கலாம்.

யார் அதிகம் கவனிக்க வேண்டும்: நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதல் வகுப்பிலேயே நூறு ரெப் சவாலில் இறங்கியவர்கள், கடும் வெயிலிலோ புழுக்கத்திலோ பயிற்சி செய்தவர்கள், காய்ச்சலோடு தூக்கியவர்கள், முந்தைய இரவு மது குடித்தவர்கள், கொழுப்பைக் குறைக்க ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள், அரிவாள் செல் மரபணு (ரத்தச் சிவப்பணுவை அரிவாள்போல் வளைக்கக் கூடிய பரம்பரைக் கோளாறு) உள்ளவர்கள். நல்ல உடற்தகுதி இருப்பதால் வராது என்று நினைக்க வேண்டாம். ஓட்டப் பழக்கம் உள்ளவர் முதல் நாளே புல்-அப் போட்டிக்குப் போனால், அவருடைய கைச் சதைக்கு அது புதுசுதான்.

வீட்டில் செய்ய ஒரே சோதனை: வெள்ளையான அல்லது நிறமற்ற பாத்திரத்தில் சிறுநீரைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். கழிவறைத் தண்ணீரில் கலந்தபின் நிறம் ஏமாற்றும். ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் காட்ட உதவும்.

பழுப்பு என்றால் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மையோகுளோபின் சில மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து போய்விடுவதால் சிறுநீர் தெளிந்துவிடலாம். சதை உடைவது நின்றுவிட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு தடவை பழுப்பாகப் போயிருந்தால், இப்போது தெளிவாக இருந்தாலும் போக வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "இத்தனை நாள் முன்பு கடுமையாக வெயிட் தூக்கினேன், சிறுநீர் இந்த நிறத்தில் போனது, சிபிகே பார்க்க வேண்டுமா?" சிபிகே என்பது சதை உடைந்த அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. இயல்பான உச்சவரம்பைப்போல் ஐந்து மடங்கைத் தாண்டினால் இந்த நோயைச் சந்தேகிப்பது வழக்கம். ஆனால் கடும் பயிற்சிக்குப் பின் நோயில்லாதவருக்கும் இது எகிறும் என்பதால் எண்ணை மட்டும் வைத்து நீங்களே முடிவு கட்டாதீர்கள். கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் எல்லாவற்றையும் சேர்த்து டாக்டர் பார்ப்பார். தேவைப்பட்டால் நரம்பு வழியாகச் சலைன் ஏற்றுவார்கள். சீக்கிரம் போனவர்களில் பெரும்பாலானோர் முழுதாகத் தேறிவிடுகிறார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம். ஈரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற நொதிகள் இரண்டும் சதையிலும் உண்டு, அடிபட்ட சதையிலிருந்தும் ரத்தத்தில் ஏறும். கடும் பயிற்சி முடிந்து சில நாளுக்குள் வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குப் போய், ஈரல் கெட்டுவிட்டது என்று பதறிப்போனவர்கள் இருக்கிறார்கள். பரிசோதனைக்கு முன் ஒரு வாரம் கடுமையாகத் தூக்காமல் இருங்கள், அல்லது தூக்கியதைச் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி 4: செட் நடுவிலேயே சுரீரென்று பிடித்தது, ஒரு பக்கம் மட்டும்

நாள் கழித்து வருவது சதைவலி. அந்த நொடியே வருவது காயம். அந்த செட்டை முடிக்க வேண்டாம்.

லேசான சதைப்பிடிப்பு என்றால் அசைக்க முடியும், வலிக்கும். நடுத்தரக் கிழிசல் என்றால் ஓரிரு நாளில் கன்றிப்போய் நீலம் தெரியும், பலம் குறையும். முழுதாக அறுந்திருந்தால் 'டப்' என்று சத்தம் கேட்டிருக்கும், சதையில் பள்ளமோ திரளோ தெரியும். முதல் இரண்டு நாள் ஓய்வு, மிதமான கட்டு, துணி சுற்றிய ஐஸ் 10 முதல் 15 நிமிடம், உயர்த்தி வைப்பது. அந்த இரண்டு நாளில் மசாஜ், வெந்நீர் ஒத்தடம், மது மூன்றும் கூடாது.

முழு அறுப்பைத் தவறவிடாமல் இருக்க இரண்டு சோதனைகள். முழங்கை மடிப்பில் சத்தம் கேட்டிருந்தால், முழங்கையை 90 டிகிரி மடக்கி உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புங்கள். மறுகை ஆள்காட்டி விரலை மடிப்பின் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே கொக்கி மாதிரி போடுங்கள். விறைப்பான கயிறு ஒன்று விரலில் மாட்ட வேண்டும். நல்ல கையில் செய்து ஒப்பிடுங்கள். குதிகாலுக்கு மேல் சத்தம் என்றால், நாற்காலியில் மண்டியிட்டுப் பாதத்தைத் தொங்கவிட்டு, ஒருவரைக் கெண்டைச் சதையைப் பிசையச் சொல்லுங்கள். பாதம் கீழ்நோக்கி அசைய வேண்டும். கயிறு மாட்டவில்லை, பாதம் அசையவில்லை என்றால் எலும்பு மருத்துவரை ஓரிரு நாளுக்குள் பாருங்கள். பெஞ்ச் பிரஸில் அக்குளுக்குப் பக்கத்தில் அறுந்து மார்பின் வடிவமே மாறினாலும் அப்படித்தான். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்வது எளிது. நாள் போகப்போக தசைநாண் சுருங்கிவிடும்.

எந்தப் பிடிப்பும் நடக்காமல் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். தேய்க்காதீர்கள், அன்றே டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அவசரப் பிரிவு.

அறிகுறி 5: சதையில் இல்லை, மூட்டில் அல்லது மூட்டை ஒட்டி வலிக்கிறது

விரலால் தொட்டுக் காட்ட முடிகிற வலி, காலையில் விறைப்பு, ஒரு செட் சூடானதும் குறைந்து, மறுநாள் கூடுதலாகத் திரும்புவது: இது தசைநாண் அடிபட்டதன் அடையாளம். முதலில் பிடியையும் பாதத்தின் கோணத்தையும் மாற்றிப் பாருங்கள். எடையைக் குறைத்து, வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாத அளவில் தொடரலாம். முழு ஓய்வு இதற்கு நல்ல மருந்தல்ல, திரும்பி வந்ததும் அதே வலி காத்திருக்கும். மூன்று வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் பிசியோவிடம் போங்கள். மூட்டு வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, நிற்கும்போது நழுவினாலோ காத்திருக்க வேண்டாம்.

அறிகுறி 6: டெட்லிஃப்டுக்குப் பிறகு இடுப்பு

முதுகெலும்பின் இரு பக்கமும் பட்டையாக மந்தமாக வலித்து, நடந்தால் இளகினால் சதைவலிதான். நாள் முழுக்கப் படுத்தே இருப்பது தேறுவதைத் தள்ளிப்போடும்.

வலி முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா? இருமினால் காலில் மின்சாரம் பாய்கிறதா? குதிகாலால் பத்தடி, விரல்நுனியால் பத்தடி நடந்து பாருங்கள். ஒரு பாதம் தூக்க மறுத்தால் நரம்பு அழுந்துகிறது, அன்றே டாக்டர். பலம் சரியாக இருந்து வலி மட்டும் காலில் இறங்கினால் ஒரு வாரத்துக்குள் காட்டுங்கள்.

அறிகுறி 7: பெஞ்ச் பிரஸுக்குப் பிறகு நெஞ்சு வலி

இரு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு முன் சேர்த்து அழுத்தினால் அதே வலி வருகிறதா? விரலால் தொட்டால் அதே இடத்தில் நோகிறதா? அப்படியானால் சதையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இதை வைத்து மட்டும் இதயத்தை விலக்கிவிட முடியாது. நடந்தால் அல்லது படி ஏறினால் வந்து, நின்றால் போகும் வலி, இதயம் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்களும் சந்தேகம் வந்தவர்களும் ஈசிஜி எடுத்துவிடுங்கள். வீண்செலவு என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அறிகுறி 8: வலி பெரிதாக இல்லை, ஆனால் வாரக்கணக்கில் அசதி, வெயிட் ஏற மறுக்கிறது

தூக்கத்தையும் சாப்பாட்டையும் முதலில் பாருங்கள், பாதிப்பேருக்கு அங்கேயே விடை இருக்கும். அப்புறம் பயிற்சி நோட்டு: ஒவ்வொரு செட்டையும் இனி ஒரு ரெப்கூட முடியாது என்ற இடம் வரை இழுக்கிறீர்களா? ஒரே சதைக்கு 48 மணி நேர இடைவெளி இருக்கிறதா? எழுந்தவுடன் படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணி எழுதுங்கள். உங்கள் வழக்கத்தைவிடத் தொடர்ந்து அதிகமாக இருந்தால் உடம்பு இன்னும் மீளவில்லை. ஒரு வாரம் செட்களைப் பாதியாக்குங்கள். அதற்கும் மசியாமல் இரண்டு வாரம் தாண்டினால் ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் பார்க்க வேண்டிய நேரம். காய்ச்சலோடு உடம்பு வலி என்றால் அது பெரும்பாலும் பயிற்சியால் வந்ததல்ல. காய்ச்சல் விடும்வரை ஜிம் பக்கம் போகாதீர்கள்.

மறுபடி வெயிட் தொடுவது எப்போது

வெயிட் இல்லாமல் அதே அசைவை முழு தூரம் செய்யுங்கள். வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்து, வார்ம்-அப்பில் குறைந்தால் போகலாம். ஏறினால் வேறு சதைக்கான நாளாக மாற்றிக்கொள்ளுங்கள். முதல் நாள் முன்பு தூக்கியதில் பாதி எடை, இரண்டு செட், ஒவ்வொன்றிலும் இன்னும் மூன்று நான்கு ரெப் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். ஒரு தடவை வலி கண்ட சதை அதே அசைவுக்கு அடுத்த சில வாரம் மிகக் குறைவாகவே வலிக்கும். அதனால் இரண்டாவது முறை வலிக்கவில்லையே, வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று எடையைக் கூட்டிவிடாதீர்கள்.

மூன்றாம் அறிகுறி வந்து சிகிச்சை எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சிபிகே இறங்கி, டாக்டர் எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகு, முதலில் நடை, அடுத்து வெறும் உடல் எடை, அதற்குப் பிறகே டம்பெல்.